வலது முட்டிக்கு எண்ணெய்

ஆஸ்பத்திரியிலிருந்து டோரதியை வீட்டுக்கு அனுப்பிய அன்று, நர்ஸ் ரூத் சொன்னதையெல்லாம் இன்னாசி கை கட்டி நின்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் யார் பேச்சையும் அப்படிக் கேட்டு டோரதி பார்த்ததில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அதை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

இடது முட்டியைத் திறந்து, தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு, உலோகத்தில் புதுசு பொருத்தி, மேலே வரிசையாகக் கிளிப் அடித்திருந்தார்கள். அதன்மேல் வெள்ளையாக, நீளமாக ஒரு பிளாஸ்திரி. இனி அதற்கு இன்னாசிதான் காவல்.

"தண்ணி படக்கூடாது ஐயா. எண்ணெய், பவுடர், களிம்பு எதுவும் கிட்டயே வரக்கூடாது. எண்ணெய் பட்டா பசை விட்டு ஓரம் தூக்கிக்கும். தூக்கினா கிருமி உள்ள போகும். யாரையும் தொட விடாதீங்க. தலையணைய முட்டிக்குக் கீழ வைக்காதீங்க, குதிகாலுக்குக் கீழ வைங்க. சிவந்தாலோ, கசிஞ்சாலோ, ஜுரம் வந்தாலோ உடனே கூட்டிட்டு வாங்க" என்றாள் ரூத்.

"கிருமி உள்ள போனா இன்னாம்மா ஆவும்?"

"இரும்பு வரைக்கும் போயிடுச்சுன்னா மறுபடி திறக்கணும். வச்சதையே கழட்டற மாதிரி ஆயிடும். அம்மாவுக்கு சர்க்கரை வேற இருக்கு."

அது எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். பக்கத்துக் கட்டிலில் அத்திப்பட்டிலிருந்து ஒரு அம்மா இருந்தாள். வீட்டில் சொந்தக்காரர்கள் பாசமாகப் பச்சிலை வைத்துக் கட்டியதில் காயம் சீழ் பிடித்து, இரண்டாம் முறை கத்தி வைக்க வந்தவள். அந்த அம்மா அழுத அழுகை டோரதியின் காதை விட்டுப் போகவில்லை. ஆட்டோவில் வரும்போது அவள் இன்னாசியின் கையை நெரித்துவிட்டாள்.

"யோவ், இன்னொரு தபா என்னால முடியாதுய்யா. செத்துருவேன்."

"எவன் கை படுதுன்னு பாக்குறேன்" என்றார் இன்னாசி. பெருமைக்குச் சொல்லவில்லை. அவருக்கும் பயமாகத்தான் இருந்தது.

வீடு ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்து. ஆபரேசன் ஆனவர்களைப் பார்க்க வருவதற்கு அந்தச் சந்தில் ஒரு முறை இருக்கிறது. ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு சாத்துக்குடி. கட்டில் ஓரம் குந்தி 'எப்டி கீற?' என்று கேட்க வேண்டும். பதில் வருவதற்குள் 'எங்க, காட்டு' என்று சொல்லிவிட வேண்டும். காயத்தைப் பார்க்காமல் போனால் வந்து பார்த்ததாகவே ஆகாது. பார்த்தால் மட்டும் போதாது, விரலால் ஒரு அமுக்கு அமுக்கி 'வீங்கிக்கீதே' என்று சொல்லி, வீட்டுக்காரர் முகம் வெளுப்பதைப் பார்த்தால்தான் வந்தவர்களுக்குத் திருப்தி.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு சாபிரா. கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தவள், டோரதி வந்துவிட்டாள் என்று கேட்டதும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அப்படியே ஓடி வந்தாள். அந்த விரல் பிளாஸ்திரிக்கு ஒரு சாண் மேலே வந்தபோது இன்னாசி குறுக்கே பாய்ந்தார். அடுத்து வந்த பக்கத்து வீட்டு ஆண்ட்ரூ, பாவம் வலிக்குமே என்று தலையணையை எடுத்து நேராக முட்டிக்குக் கீழே சொருகினான். அதையும் இன்னாசி பிடுங்கினார். ஒவ்வொருவரிடமும் நர்ஸ் சொன்னதைச் சொல்லிப் பார்த்தார். 'அவங்க அப்டிதான்பா சொல்வாங்க' என்றார்கள். கடைசியில் அவருக்கே ஒரு யோசனை வந்தது. "கண்ணு பட்டா சீழ் புடிக்கும்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு" என்று ஆரம்பித்தார். அதை மட்டும் அத்தனை பேரும் உடனே நம்பினார்கள்.

வந்தவர்களில் ஒழுங்காக நடந்துகொண்டது ரஷீது ஒருவர்தான். தண்டையார்பேட்டைக்காரர். ஹார்பரில் இன்னாசி கிரேன் ஓட்டிய காலமெல்லாம் கீழே நின்று அவருக்குக் கை காட்டியவர். மேலே கூண்டில் இருப்பவனுக்குச் சத்தம் கேட்காது. கீழே இருப்பவன் கைதான் அவனுக்குக் கண்ணும் காதும். அந்தப் பழக்கத்தில் வாசற்படியிலேயே நின்று, கட்டைவிரலை மேலே காட்டிப் புருவத்தை உயர்த்தினார். டோரதியும் கட்டைவிரலைக் காட்டினாள். அவ்வளவுதான் விசாரிப்பு. ரஷீதுக்கும் முட்டி போய்விட்டது. அதே ஆஸ்பத்திரியில் அடுத்து அவர்தான்.

இத்தனை பேரைச் சமாளித்த இன்னாசி, பிலோமி அக்காவிடமிருந்து ஃபோன் வந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

பிலோமி அவருடைய கூடப்பிறந்த அக்கா. அம்மா போன பிறகு, காசிமேட்டில் மீன் விற்று அவரை ஆளாக்கியவள். ஆபரேசன் நடந்தபோது ஊரில் இல்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியெல்லாம் சோறு பொங்கிப் போடும் வேனில் போயிருந்தாள்.

"நா இல்லாத நேரமா பாத்து கத்தி வெச்சுட்டீங்களேடா! போவட்டும். மாதா பாதத்துல வெச்சு எண்ணெ எடுத்தாந்துகீறேன். நாளிக்கு காலைலேர்ந்து நானே வந்து முட்டில தடவறேன்."

"அக்கா, பிளாஸ்திரி ஒட்டிக்கீது..."

"அத நா இன்னா பிச்சா போடப்போறேன்? ஓரமா உட்டா எண்ணெ தானா உள்ள எறங்கும்டா."

அதுதான் நடக்கக்கூடாதது. ஆனால் பிலோமி அக்காவிடம் முடியாது என்று சொன்னவர்கள் அந்தக் கோயில் பங்கிலேயே கிடையாது. சாமியாரே அவள் மீன் விற்றுத் திரும்பும் நேரம் பார்த்துத்தான் பூசை வைக்கிறார் என்று பேச்சு. அவள் சண்டை போட்டாலாவது சமாளிக்கலாம். போட மாட்டாள். 'சரிடா, நா யாரு' என்று சொல்லி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போவாள். அந்த 'நா யாரு'வுக்குப் பிறகு ஒரு மாதத்துக்கு இன்னாசிக்குச் சோறு இறங்காது.

"அண்ணி வந்து எண்ணெய ஊத்துனா நா இன்னா சொல்றது? வாணாம்னு சொல்ல எனுக்கு தைரியம் இல்லய்யா. உனுக்கு கீதா?" என்று கேட்டாள் டோரதி.

இன்னாசி ஆஸ்பத்திரியில் கொடுத்த பையைக் குடைந்துகொண்டிருந்தார். உள்ளே சுருட்டிய துணிக்கட்டு ஒன்று உபரியாக இருந்தது. அதைக் கையில் வைத்து உருட்டினார். ஃபோனில் அக்கா 'முட்டி' என்றுதான் சொன்னாள். எந்த முட்டி என்று கேட்கவில்லை.

"டோரதி, உனுக்கு எத்தினி முட்டி கீது?"

"இன்னாய்யா பைத்தியமா? ரெண்டு."

"ஒண்ணு சொம்மாதான கீது."

டோரதிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பில் கால் குலுங்கி வலித்தது. 'ஐயோ அம்மா' என்று கத்திக்கொண்டே சிரித்தாள். மருந்துக்கடையிலிருந்து அதே மாதிரி ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி வந்தது. நல்லாயிருந்த வலது முட்டியில் அதை ஒட்டி, மேலே துணிக்கட்டைச் சுற்றி, ஓரத்தில் டிஞ்சரைத் தொட்டு மஞ்சளாக்கி, தள்ளி நின்று அழகு பார்த்தார் இன்னாசி. அசல் முட்டி நைட்டிக்கும் போர்வைக்கும் அடியில் பத்திரமாகப் படுத்திருந்தது.

மறுநாள் காலை பிலோமி வந்தாள். கையில் பாட்டில், கழுத்தில் ஜெபமாலை, வாயெல்லாம் மாதா பெயர். டோரதி நைட்டியை வலது பக்கம் மட்டும் தூக்கி, "மெதுவா அண்ணி, மெதுவா" என்று முனகினாள். அவள் முனகியது கொஞ்சம் அதிகமென்றே இன்னாசிக்குப் பட்டது. கண்ணைக் காட்டினார். அவள் இன்னும் பலமாக முனகினாள்.

பிலோமிக்கும் முட்டி நல்ல நிலையில் இல்லை. இருந்தும் கட்டிலில் உட்காராமல், எலும்பு நொறுங்குகிற சத்தத்தோடு தரையில் மண்டியிட்டாள். எண்ணெயைத் தொட்டுக் கட்டின் ஓரத்தில் விட்டு, தொடையிலிருந்து ஆடுசதை வரைக்கும் நீவிக்கொண்டே ஜெபம் சொன்னாள். 'மாதாவே, இந்தப் பொண்ணு என் தம்பிக்கு சோறு போட்ட கை. இவள நடக்க வெய்யி' என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. கண்ணீர் ஒரு சொட்டு அந்தப் பொய்க் கட்டின்மேல் விழுந்தது. இன்னாசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடிவாங்க வேண்டிய திருட்டுப் பயலைப் போல இருந்தது அவருக்கு. ஆனால் அக்கா போனதும் டோரதி போர்வையை விலக்கி இடது முட்டியைக் காட்டினாள். வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டினது ஒட்டினபடி, காய்ந்து, ஓரம் தூக்காமல் இருந்தது. அதைப் பார்த்ததும் மனசு சமாதானமாகிவிட்டது.

தினமும் இது நடந்தது. வலது கால் எண்ணெய் குடித்துக் குடித்துப் பளபளத்தது. டோரதிக்கு அந்த நீவலில் தூக்கம் வேறு வந்தது. ஒருநாள் முனக மறந்து குறட்டை விட்டாள்.

மாட்டிக்கொள்ளப் பார்த்தது ஒரே ஒரு தடவை. வாக்கரைப் பிடித்து டோரதி நடை பழகிக்கொண்டிருந்த நேரத்தில் பிலோமி சொல்லாமல் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏண்டா, ஆபரேசன் இந்த காலு. நொண்டுறது அந்த காலா கீதே?"

டோரதி அப்படியே நின்றுவிட்டாள். இன்னாசி பதறவில்லை. ஹார்பரில் மேஸ்திரிகளிடம் பீலா விட்டுப் பழகிய வாய்.

"வலது காலு வலிய இடது காலு வாங்கிக்கும்க்கா. மூளைல நரம்பு மாறிப் போவுதில்ல? டாக்டர் படம் போட்டு காமிச்சாரு."

"படமா போட்டாரு?"

"கலர் படம்."

பிலோமி தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு எண்ணெய் போடும்போது 'வலி வாங்குற' இடது காலுக்கும் சேர்த்து ஜெபித்தாள். தொடவில்லை என்பதுதான் முக்கியம்.

கிளிப் எடுக்கும் நாள் வந்தது. ஆஸ்பத்திரியில் ரூத் பிளாஸ்திரியை உரித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சுத்தமா யாரும் வெச்சுகிட்டு வந்ததில்ல" என்றாள். காயம் ஒரு கோடு மாதிரி மூடியிருந்தது. சிவப்பில்லை, கசிவில்லை. டோரதி ரூத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இன்னாசி ஹார்பரில் மெடல் வாங்கின தினுசில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

அத்தோடு விட்டிருந்தால் நல்லது. நல்லபடியாக ஆறிவிட்டது என்ற செய்தி பிலோமிக்குப் போனது. அவளைப் பொறுத்தவரை அது யார் செய்த வேலை என்பதில் சந்தேகமே கிடையாது. அந்த ஞாயிறு அன்பியக் கூட்டம், அதாவது தெருக்காரர்கள் ஒரு வீட்டில் கூடிச் செய்யும் ஜெபம், அவள் வீட்டிலேயே நடந்தது. எல்லோர் முன்னாலும் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "சர்க்கர உள்ள ஒடம்பு. ஒரு சொட்டு சீழ் கெடயாது. நம்பலன்னா என் தம்பிய கேளுங்க. டேய் இன்னாசி, எந்திரி, சாட்சி சொல்லு" என்றாள்.

இன்னாசி எழுந்தார். கூட்டம் முழுக்க அவரையே பார்த்தது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என்ன சொல்வார் அந்த மனிதர்?

"ஆமா. அக்கா வந்து எண்ணெ போட்டுச்சு. காயம் ஆறிடுச்சு" என்றார். ஒவ்வொன்றும் தனித்தனியாக உண்மைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜெபம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பிலோமி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பாதி கீது. நாளிக்கு தண்டையார்பேட்ட போறேன். நம்ம ரஷீதுக்கு முட்டி ஆபரேசன் ஆயி வூட்டுக்கு வந்துட்டாராம். இப்பதான் ஃபோன் போட்டேன், வாங்கக்கான்னு சொல்லிட்டாரு."

இன்னாசிக்கு டீ புரையேறியது.

ராத்திரி முழுக்கப் புரண்டார். டோரதியின் முட்டியைக் காப்பாற்றச் சொன்ன பொய் இப்போது ரஷீதின் முட்டியில் போய் விழப்போகிறது. ரஷீதுக்கும் சர்க்கரை. நேற்று ஒட்டிய பிளாஸ்திரி. அக்கா கையில் பாட்டில். இதில் சாட்சி சொன்னது வேறு யாரும் இல்லை, அவரேதான். அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது; ஆனால் அதை நினைத்தாலே 'நா யாரு' காதில் விழுந்தது. ரஷீதிடம் சொல்லலாம் என்று விடிந்ததும் ஃபோன் செய்தார். எடுக்கவில்லை. அக்கா வீட்டுக்கு ஓடினார். பூட்டியிருந்தது, முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாளாம்.

"நா போறேன்" என்று வந்து நின்றார்.

"நானும் வரேன்" என்றாள் டோரதி. "நீ சொன்னா அண்ணி நம்பாது. நீ எதுக்குத்தான் நெஜம் சொல்லிக்கீற? என் காலு சொல்லும்."

நைட்டிக்கு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, வலது முட்டியில் இன்னும் அவிழ்க்காத அந்தப் பொய்க் கட்டோடு, இடது காலை ஆட்டோ சீட்டில் நீட்டி உட்கார்ந்தாள் டோரதி. டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு இன்னாசி. எதிரே கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. "நைனா, அந்த சந்துல உடு, இந்த சந்துல உடு" என்று அவர் கத்திய கத்தலில் டிரைவர் ஒருமுறை யாரோ வீட்டு வாசல் கோலத்தின் மேலேயே ஏற்றிவிட்டார்.

ரஷீது வீட்டுக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் ரஷீது கைலியை ஒரு பக்கம் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தார். முட்டியில் கட்டு. தரையில் பிலோமி மண்டியிட்டிருந்தாள். பாட்டில் மூடி கழன்றிருந்தது. ரஷீதின் மனைவி ஜெரினா தலைமாட்டில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள்.

வாசலில் இன்னாசியைக் கண்டதும் ரஷீது, குனிந்திருந்த அக்காவின் தலைக்கு மேலே கையை நீட்டி உள்ளங்கையைக் கீழே கவிழ்த்துப் பக்கவாட்டில் வெட்டினார். பிறகு இரண்டு கையாலும் வெட்டினார்.

ஹார்பரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நிறுத்து. உடனே நிறுத்து. ஐயோ, மனுசன் வாய் திறக்க முடியாமல் என்னைக் காப்பாற்று என்கிறான் என்று புரிந்துகொண்டார் இன்னாசி. இத்தனை வருஷம் அந்தக் கை சொல்லி அவர் கேட்காமல் இருந்ததில்லை.

"அக்கா, நிறுத்து!"

பிலோமி திரும்பினாள். ரஷீது இன்னும் வேகமாகக் கையை வெட்டினார். இன்னாசியும் வேகமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"எண்ணெ படக்கூடாதுக்கா. பட்டா பிளாஸ்திரி தூக்கிக்கும், கிருமி எறங்கிடும், மறுபடி அறுக்கணும். நர்ஸம்மா சொன்னாங்க. நீ டோரதிக்கு போட்டது ஆபரேசன் பண்ண காலே இல்ல. அது சொம்மா கீற காலு. நாந்தான் கட்டு கட்டி உட்டேன்."

பிலோமிக்கு ஒன்றும் ஏறவில்லை. ஜெரினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு டோரதி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நைட்டியை வலது பக்கம் தூக்கி, துணிக்கட்டை உருவி, பிளாஸ்திரியைச் சர்ரென்று பிய்த்தாள். கீழே வழுவழுவென்று, எண்ணெயில் மினுங்கிக்கொண்டு, கீறல்கூட இல்லாத முட்டி.

பிலோமி இரண்டு கையையும் தூக்கினாள். "மாதாவே! தழும்புகூட இல்லயே! தழும்பயே அழிச்சிட்டியே தாயே!"

"ஐயோ அண்ணி, அது இல்ல" என்று டோரதி இடது பக்கத்தையும் தூக்கினாள். தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை, கிளிப் புள்ளிகளோடு, கருஞ்சிவப்பாக ஒரு கோடு.

பிலோமி இந்த முட்டியைப் பார்த்தாள். அந்த முட்டியைப் பார்த்தாள். தூக்கிய கை மெதுவாக இறங்கியது.

கட்டிலில் ரஷீது தலையில் அடித்துக்கொண்டார். "வாய மூடுன்னுதானடா மாமு அவ்ளோ நேரமா கை காட்டிகினு கீறேன்! நிறுத்துன்னா நீ நிறுத்து!"

"நானா?"

ரஷீது பெருமூச்சு விட்டுக் கைலியின் மறுபக்கத்தைச் சுருட்டினார். அங்கே இன்னொரு கட்டு இருந்தது. அதுதான் அசல். அக்கா முன்னால் நீட்டி வைத்திருந்தது அவருடைய நல்ல முட்டி.

"டோரதி அக்காதான் ஃபோன்ல சொல்லி சிரிச்சாங்க. இவரால பிலோமி அக்காவ வாணாம்னு சொல்ல முடியல. அதான் நாங்களும்..." என்று ஜெரினா இழுத்தாள். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டாள்.

இன்னாசி சுவரில் சாய்ந்துவிட்டார். ஒரே ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லா முட்டியும் பிழைத்திருக்கும், அவரும் பிழைத்திருப்பார்.

பிலோமி பாட்டிலுக்கு மூடி போட்டாள். திருகு சரியாக உட்காரவில்லை; திரும்பத் திரும்பத் திருகினாள். 'நா யாரு' வரப்போகிறது என்று இன்னாசி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன பாத்தா அவ்ளோ பயமாடா உங்களுக்கு?" என்றாள் பிலோமி.

அதற்கு அவர் தயாராக இல்லை.

"ரெண்டு வூடு. நாலு பேரு. ஒருத்தருக்குகூட நெஜத்த சொல்லத் தோணல. கீழ குந்த முடியாம குந்தி அழுதுகினு இருந்தேனேடா. பாத்துகினுதான இருந்த?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அந்த நர்ஸு சொன்னத என்னாண்ட சொல்லியிருந்தா நா கேட்டிருக்க மாட்டனா?"

இன்னாசி தரையைப் பார்த்தார். டோரதி கூரையைப் பார்த்தாள். ரஷீது கைலி மடிப்பைச் சரிசெய்தார். ஜெரினா விசிறியை ஆராய்ந்தாள்.

பிலோமி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"மாட்டேன். கேட்டிருக்க மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெரினாவின் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் பீறிட்டது. டோரதியும் சிரித்தாள். இன்னாசிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை. இன்னாசியின் கையைத் தட்டிவிட்டு, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்தாள். "எண்ணெதான வாணாம்? ஜெபம் பண்ணா பிளாஸ்திரி தூக்கிக்குமா?" என்று கேட்டாள். தூக்காது என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ரஷீதின் அசல் முட்டிக்கு ஒரு சாண் மேலே, தொடாமல், கையை நீட்டிக் கண்ணை மூடினாள். ரஷீதும் மூடிக்கொண்டார்.

பிறகு ஜெரினாவிடம் திரும்பி, "அந்த நர்ஸம்மா இன்னா இன்னா சொன்னாங்கன்னு ஒண்ணு விடாம சொல்லு" என்றாள்.

மறுநாளிலிருந்து பிலோமி காலையில் ரஷீது வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ரஷீதின் சொந்தக்காரர்கள் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. யானைக்கவுனியிலிருந்து ஒரு சித்தப்பா யுனானித் தைலத்தோடு வந்தார். படியிலேயே திரும்பினார். மாத்தூரிலிருந்து மச்சான் முறையானவர் மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தார். அந்த மஞ்சளைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி ஜெரினாவிடம் அனுப்பிவிட்டாள். 'எங்க, காட்டு' என்று கேட்டவர்களை அவள் பார்த்த பார்வையில் சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்த வழியே போனார்கள். தலையணை முட்டிக்குக் கீழே போனால் ரஷீதுக்கே திட்டு விழுந்தது. காலையில் வந்ததும் கைலியை இரண்டு பக்கமும் தூக்கச் சொன்னாள். 'ரெண்டையும் காட்டுப்பா. இனிமே ஒரு முட்டிய பாத்து நா நம்ப மாட்டேன்' என்றாள். பிளாஸ்திரி ஒட்டினபடியே காய்ந்து கிடந்தது.

இன்னாசி மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. அக்கா முகத்தில் விழிக்கக் கூச்சம். டோரதி சொல்லிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் ஒருநாள் காலையில் நாலு சாத்துக்குடியைக் கையில் கொடுத்து விரட்டிவிட்டாள். தோஸ்தைப் பார்க்கப் போகிற மாதிரி போனார். வாசலில் அக்கா முட்டியை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியை விடவில்லை. ஏற இறங்கப் பார்த்தாள்.

"டேய். டபாய்க்காம நெஜத்த சொல்லு. நா அவ்ளோ பேஜாரு புடிச்சவளா?"

வழக்கமான பதில்கள் எல்லாம் இன்னாசியின் நாக்கு நுனிவரை வந்தன. இல்லக்கா, உன்ன போல வருமா, யாரு சொன்னது. எல்லாவற்றையும் விழுங்கினார்.

"ஆமாக்கா" என்றார்.

சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி போய் முடிந்தது. பிலோமி ஸ்டூலை ஒரு பக்கமாக நகர்த்தினாள்.

"சரி. சோப்பு போட்டு கை கழுவிகினு உள்ள போ."